கணவரை இழந்தபின் முதல் ஓர் ஆண்டு: விசுவாசத்தோடும் துணிவோடும் கடப்பதற்கான வழிகாட்டி

"பலங்கொண்டு திடமனதாயிரு, திகையாதே, கலங்காதே" என்ற யோசுவா முதலாம் அதிகார வசனத்தைத் துக்க வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் போவதில்லை. என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது எனக்கு வயது 43. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அடக்க ஆராதனை முடிந்த அன்று மாலைக்குள் அந்த வசனத்தை ஏழு எட்டுப் பேர் வந்து சொன்னார்கள். சொன்னவர்கள் அனைவரும் அன்போடுதான் சொன்னார்கள். ஆனாலும் அன்று அது எனக்கு ஆறுதலாக இல்லை, கட்டளையாகவே கேட்டது. அழுவதை நிறுத்து, எழுந்து நில் என்று யாரோ அதட்டுவது போல இருந்தது.

பல மாதங்கள் கழித்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து நிதானமாக வாசித்தபோதுதான், அது ஒரு மரணச் செய்தியோடு தொடங்குவதைக் கவனித்தேன். "என் தாசனாகிய மோசே மரித்துப்போனான்" என்று தேவனே முதலில் இழப்பைச் சொல்கிறார். அதன் பிறகுதான் யோசுவாவை யோர்தான் ஆற்றைக் கடக்கச் சொல்கிறார். அதற்கு முந்தைய பக்கத்தில், உபாகமம் 34-ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் மோவாபின் வெளிகளில் மோசேக்காக முப்பது நாள் அழுதார்கள் என்று எழுதியிருக்கிறது. அந்த முப்பது நாளும் அவர்களைப் பார்த்து யாரும் திடமனதாயிருங்கள் என்று சொல்லவில்லை.

இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறேன். சென்ற சில ஆண்டுகளாக எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுதி) கணவரை இழந்த பெண்களோடு உட்கார்ந்து, அவர்களோடு அலுவலகங்களுக்கும் நடந்ததில் நான் கற்றுக்கொண்டவை இதில் உள்ளன. தமிழ்நாட்டில் வாழும் கிறிஸ்தவப் பெண்களை மனத்தில் வைத்து எழுதியிருப்பதால், சட்டமும் அலுவலக நடைமுறையும் இங்குள்ளபடியே சொல்லப்பட்டிருக்கின்றன.

முதல் படி: முப்பது நாள் அழுவதற்கு உரிமை உண்டு

லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்று யோவான் எழுதுகிறார். இன்னும் சில நிமிடங்களில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் அவர் அழுதார். ஆகவே உயிர்த்தெழுதலில் நம்பிக்கை உள்ளவர்கள் அழக்கூடாது என்று யாராவது சொன்னால், அது வேதத்தில் இல்லாத உபதேசம். நகோமி பெத்லகேமுக்குத் திரும்பி வந்தபோது, தன்னை நகோமி என்று அழைக்க வேண்டாம், மாராள் என்று அழையுங்கள், "சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்று ஊர்ப் பெண்களிடம் வெளிப்படையாகச் சொன்னாள். அந்தக் கசப்பான வார்த்தைகளை வேதம் மறைக்கவும் இல்லை, அதற்காக அவளைக் கண்டிக்கவும் இல்லை.

ஜெபிக்க வார்த்தை வராத நாட்கள் இருக்கும். அப்போது சங்கீதம் 13-ஐ எடுத்துச் சத்தமாக வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் அந்தச் சங்கீதத்தில் ஆறே வசனங்கள்தான் உள்ளன. முதல் நான்கையும் வாசித்துவிட்டு மற்ற இரண்டையும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை. நான் அப்படித்தான் பல வாரங்கள் செய்தேன்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்துக்கிடந்த எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் வந்து தட்டியெழுப்பினான். உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவரிடம், தினமும் ஒரு வேளையாவது உங்களைச் சாப்பிடவைக்கும் பொறுப்பைக் கேட்டு ஒப்படையுங்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அந்த மாத்திரையை எடுத்துக்கொடுக்கும் வேலையையும் அவரிடமே விடுங்கள். துக்கத்தின் நடுவில் மாத்திரையை மறந்து மயங்கி விழுந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நாட்களில் செய்யாமல் விடமுடியாத அலுவலக வேலை ஒன்றே ஒன்றுதான்: இறப்பைப் பதிவு செய்தல். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் மருத்துவமனையே தகவல் அனுப்பிவிடும். வீட்டில் இறந்திருந்தால் வீட்டார்தான் தெரிவிக்க வேண்டும். இதற்கு நீங்களே போக வேண்டியதில்லை. உடன்பிறந்தவரோ சபையில் உள்ள ஒருவரோ போகலாம். ஆனால் பதிவில் எழுதப்படும் பெயர் ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் உள்ள எழுத்துகளோடு பொருந்துகிறதா என்பதை நீங்களே ஒரு முறை பாருங்கள். நம் வீடுகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயர் ஒன்று, தகப்பனார் பெயரின் முன்னெழுத்து ஒன்று என்று மூன்று விதமாக இருப்பது வழக்கம். அந்த ஒரு எழுத்துக்காகப் பின்னால் ஆறு மாதம் அலைய நேரிடும்.

இரண்டாம் படி: எந்தத் தாளிலும் கையெழுத்திடாதிருத்தல்

இந்தப் படியை மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதில் தவறினால் திருத்திக்கொள்வது அரிது. எனக்குத் தெரிந்த ஒரு சகோதரியின் வீட்டில், அடக்கம் முடிந்த பன்னிரண்டாம் நாள், கணவரின் தம்பி பத்திரத்தாளோடு வந்தார். "மதினி, சும்மா ஒரு கையெழுத்துதான். அண்ணன் இருந்தா அவங்களே போட்டிருப்பாங்க" என்றார். அது விடுதலைப் பத்திரம். அதாவது, குடும்பச் சொத்தில் அந்தச் சகோதரிக்கும் அவர் பிள்ளைகளுக்கும் உள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதப்பட்ட பத்திரம். சகோதரி வாசிக்காமலே பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். கூடத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய தாயார், "ராத்திரி மூக்குக்கண்ணாடி இல்லாம எதுலயும் கை வைக்காத, காலையில பாப்போம்" என்று சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் காப்பாற்றியது.

ஆகவே முதல் மூன்று மாதங்களுக்கு விடுதலைப் பத்திரம், பொது அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், யாருக்காவது ஜாமீன், எதுவானாலும் கையெழுத்திட வேண்டாம். நகையை அடகு வைக்கவோ யாருக்கும் கடன் கொடுக்கவோ வேண்டாம். இன்ஷூரன்ஸ் பணம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அதை முதலீடு செய்து தருவதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். ஜெபக்கூட்டத்தில் பழகியவர்களாகவும் இருப்பார்கள். யாரையும் புண்படுத்தாமல் மறுக்க ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே மனப்பாடம் செய்து வையுங்கள்: "கோபப்படாதீங்க தம்பி, இப்ப எனக்கு மனசு நிதானத்துல இல்ல. சபை ஐயர்கிட்டயும் எங்க அண்ணன்கிட்டயும் காட்டிட்டு அப்புறம் சொல்றேன்." நல்ல எண்ணத்தோடு வந்தவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

கணவருடைய கைபேசி எண்ணைத் துண்டிக்காதீர்கள். குறைந்தது ஓராண்டு ரீசார்ஜ் செய்து வையுங்கள். எந்த வங்கியில் எவ்வளவு இருந்தது, எந்தப் பாலிசிக்குப் பிரீமியம் வருகிறது, யாரிடம் மாதத் தவணை இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்திகளில்தான் தெரியவரும். ஆனால் இறந்தபின் அவருடைய ஏடிஎம் அட்டையையோ கைபேசிச் செயலியையோ வைத்துப் பணம் எடுக்க வேண்டாம். நம் பணம்தானே என்று தோன்றும். பின்னால் வாரிசுகளுக்குள் பேச்சு வரும்போது அதுவே உங்கள்மேல் குற்றச்சாட்டாகத் திரும்பும்.

மூன்றாம் படி: கால் நனைதல்

யோர்தான் அறுப்புக்காலத்தில் கரைபுரண்டு ஓடும் என்று யோசுவா 3-ஆம் அதிகாரம் சொல்கிறது. செங்கடலில் தண்ணீர் முதலில் பிளந்தது, ஜனங்கள் பிறகு நடந்தார்கள். இங்கே உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியர்களின் கால்கள் தண்ணீரின் ஓரத்தில் பட்டபிறகுதான் தண்ணீர் நின்றது. தைரியம் வந்தபிறகு வெளியே போகலாம் என்று காத்திருந்தால் அது வருவதேயில்லை. போனபிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நான் முதன்முதலில் தனியாக வங்கிக்குப் போன அன்று வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன், அது கழற்றவேண்டிய இடமே அல்ல என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் முறை போனபோது படிவத்தை நானே எழுதினேன்.

முப்பது நாள் கழிந்ததும் ஒரு நல்ல நோட்டு வாங்குங்கள். தினமும் ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொண்டு, போன இடம், பார்த்த அலுவலரின் பதவி, சொன்ன பதில், மறுபடி வரச்சொன்ன தேதி ஆகியவற்றை எழுதுங்கள். இறப்புச் சான்றிதழில் பத்து நகலாவது எடுத்து, ஆதார் நகல்களோடு ஒரே பையில் வையுங்கள்.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியருக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். குடும்ப ஓய்வூதியம், பட்டா மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம் போன்ற பெரும்பாலான வேலைகளுக்கு இது போதும். நாமினி குறிப்பிடாத வங்கி வைப்பிலோ பங்குகளிலோ பெருந்தொகை இருந்தால், சில வேளைகளில் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்று வாங்கவேண்டி வரும். அது வேறு, இது வேறு. நாமினி உள்ள கணக்காக இருந்தால், தாள்கள் எல்லாம் சரியாகக் கொடுத்த 15 நாட்களுக்குள் வங்கி பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

அடுத்தது, பலரும் தவறவிடுகிற ஒன்று. கணவரின் பாஸ்புக்கை எடுத்து ஒவ்வோர் ஆண்டும் மே கடைசி, ஜூன் தொடக்கப் பக்கங்களை விரல் வைத்துப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்தம் இருந்தால், அது பிரதான் மந்திரி ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 20 ரூபாய் பிடித்தம் இருந்தால் அது விபத்துக் காப்பீடு. கணவர் எப்போதோ வங்கியில் சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டு வீட்டில் சொல்லாமல் விட்டிருப்பார். ஓர் அம்மாவின் பாஸ்புக்கில் மங்கிய மையில் இருந்த அந்த 436-ஐப் படிக்க நாங்கள் இருவரும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தப் பணம்தான் அவர் மகளின் நர்சிங் படிப்புக்குக் கட்டணமானது.

தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்தவராக இருந்தால், வருங்கால வைப்புநிதிப் பணத்தோடு இன்னும் இரண்டு உண்டு. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி மனைவிக்கு மாத ஓய்வூதியமும், இரண்டு பிள்ளைகள் வரை 25 வயது முடியும்வரை தனியே ஒரு தொகையும் கிடைக்கும். வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இதை நிறுவனம் தானாகச் சொல்லாமல் போவதும் உண்டு, ஆகவே நீங்கள் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்தவர் என்றால், கருணை அடிப்படையிலான வேலைக்கு இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். எந்த வருமானமும் இல்லாத பெண்களுக்கு வட்டாட்சியர் அலுவலகம் வழியாக ஆதரவற்ற விதவை ஓய்வூதியம் உண்டு. 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

நான்காம் படி: பங்கைக் கேட்பது அவிசுவாசம் அல்ல

நம் பெண்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. "கர்த்தர் பார்த்துக்கொள்வார், நான் யாரிடமும் கேட்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் நொறுங்கிப்போகிறார்கள். சங்கீதம் 68-இல் தேவனைப் பற்றிச் சொல்லியிருப்பதைக் கூர்ந்து பாருங்கள்: "திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பனும், விதவைகளுக்கு நியாயம் விசாரிக்கிறவருமாயிருக்கிறார்." ஆறுதல் செய்கிறவர் என்று மட்டும் சொல்லியிருக்கலாம், ஆனால் நியாயம் விசாரிக்கிறவர் என்று இருக்கிறது. நியாயம் விசாரிக்கிற தேவனை நம்புகிற பெண், தனக்குரிய நியாயத்தைக் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. லூக்கா 18-இல் இயேசு சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ணுவதற்கு உதாரணமாகக் காட்டியது, அநீதியுள்ள நியாயாதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய் அலுக்கச்செய்த ஒரு விதவையைத்தான். வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஐந்தாம் முறை நடக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் சொல்வது இதுதான். உயில் இருந்தால் உயிலின்படி. உயில் எழுதாமல் இறந்திருந்தால், கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். பிள்ளைகள் இருந்தால் கணவரின் சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் என்ற வேறுபாடின்றி. பிள்ளைகள் இல்லாமல் கணவரின் தாய் தந்தையோ உடன்பிறந்தவர்களோ இருந்தால், மனைவிக்குப் பாதி. மகளுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று, அவளுக்குப் பங்கில்லை என்று சொல்வதற்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. மறுமணம் செய்துகொண்டாலும் இப்படி வந்த பங்கு போய்விடாது.

இந்த உரிமை எளிதில் வந்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய திருவிதாங்கூர்ப் பகுதியில் நடைமுறையில் இருந்த கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தின்படி, விதவைக்கு நிலத்தில் கிடைத்த உரிமை அவர் இறக்கும்வரையோ மறுமணம் செய்யும்வரையோதான் நின்றது. மகளுக்கு மகனைவிட மிகக் குறைந்த பங்கு. கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை சென்று வழக்காடியதில், 1986-இல் அந்தப் பழைய சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது. ஒரு பெண்ணின் பிடிவாதத்தால் கிடைத்த பாதுகாப்பை, "பெரியவர்கள் மனம் வருந்தும்" என்ற ஒரே காரணத்துக்காக நாம் எழுதிக்கொடுத்துவிடக்கூடாது. மனமுவந்து விட்டுக்கொடுப்பது வேறு. மாமியாரின் முதுமைக்காக நீங்களே ஒரு பகுதியை ஒதுக்குவது அழகான காரியம். அச்சத்தால் எழுதிக்கொடுப்பதில் அன்பும் இல்லை, சமாதானமும் இல்லை.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

ஐந்தாம் படி: பிள்ளைகள்

அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சிறு பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கும். இறந்துவிட்டார், கர்த்தரிடத்தில் இருக்கிறார், நாம் இங்கே இருக்கிறோம், நான் உன்னை விட்டுப் போகமாட்டேன் என்று உண்மையைச் சிறிய வாக்கியங்களில் சொல்லுங்கள். பன்னிரண்டு வயது மகனின் தோளைத் தட்டி, இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை என்று சொல்லுகிற உறவினர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். என் மகனிடம் அப்படிச் சொன்னார்கள். அவன் அன்றிலிருந்து அழுவதை நிறுத்திவிட்டான். அவனை மறுபடியும் அழவைப்பதற்கு எனக்கு ஒன்றரை ஆண்டு ஆயிற்று. பள்ளியில் வகுப்பாசிரியரிடம் நேரில் போய்ச் சொல்லிவையுங்கள். ஆசிரியையாக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்குத் தெரியாமல் போவதால்தான் அந்தப் பிள்ளைகளைத் திட்டிவிடுகிறோம்.

ஆறாம் படி: சபைக்குத் திரும்புதல்

எங்கள் கோவிலில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாக அமர்வது வழக்கம். என் கணவர் எப்போதும் வலப்புறம் மூன்றாம் தூணுக்குப் பக்கத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே உட்காருவார். காணிக்கை எடுக்கும்போது பணம் கொண்டுவந்தாயா என்று அங்கிருந்தே கண்ணால் கேட்பார். அடக்கத்துக்குப் பின் வந்த முதல் ஞாயிறு, காணிக்கைப் பை வந்த நேரத்தில் என் கண் தானாக அந்தத் தூணுக்குப் போயிற்று. அங்கே வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அன்று ஆராதனை முடியுமுன் எழுந்து வந்துவிட்டேன். ஆகவே முதல் சில வாரங்களுக்கு இடத்தை மாற்றி உட்காருங்கள், அல்லது காலை முதல் ஆராதனைக்குப் போங்கள். பாதியில் எழுந்து வரநேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம். ஆனால் போவதை நிறுத்திவிடாதீர்கள். மூன்று மாதம் நின்றுவிட்டால் திரும்ப உள்ளே போவது மலையேறுவது போலாகிவிடும்.

தாலி, பூ, பொட்டு, வளையல், வெள்ளைச் சேலை இவற்றைப் பற்றிக் கேட்கிற பெண்களுக்கு என் பதில் ஒன்றுதான். கணவர் இறந்தால் இவற்றைக் கழற்ற வேண்டும் என்று வேதத்தில் எங்கும் கட்டளை இல்லை. கழற்ற விரும்பினால் கழற்றலாம், அணிய விரும்பினால் அணியலாம். முடிவு உங்களுடையது, நாத்தனாருடையது அல்ல. மகளின் திருமணத்தில் தாய் பின்வரிசையில் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதும் அப்படியே. "என்ன பாவம் செய்தாளோ" என்று யாராவது முணுமுணுத்தால், பிறவிக்குருடனைப் பற்றிச் சீஷர்கள் அதையேதான் கேட்டார்கள், "அது இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்று ஆண்டவர் பதில் சொல்லியிருக்கிறார்.

சபையும் தன் கடமையை மறக்கலாகாது. அப்போஸ்தலர் 6-இல், அன்றாட விசாரணையில் (உணவுப் பங்கீட்டில்) விதவைகள் சிலர் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள் என்ற முறையீடு எழுந்தபோது, ஏழு பேரைத் தெரிந்தெடுத்து அதற்கென்றே நியமித்தார்கள். முறையிட்டவர்களை யாரும் கடிந்துகொள்ளவில்லை. எனவே உங்கள் தேவையைக் குருவானவரிடமோ பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ தெளிவாகச் சொல்லுங்கள்: ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லாமல், செவ்வாய்க்கிழமை பதிவாளர் அலுவலகத்துக்கு என்னோடு ஒருவர் வர வேண்டும் என்று கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோவில் என்று ஊரார் அழைக்கும் சிறிய ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சாவூர் மராத்தியப் பிராமணக் குடும்பத்துப் பெண்ணான கிளாரிந்தா, இளமையிலேயே கணவரை இழந்தவர். முதலில் அவருக்கு ஞானஸ்நானம் மறுக்கப்பட்டது. பின்னர் 1778-இல் ஜெர்மானிய மிஷனெரியான சுவார்ட்ஸ் ஐயர் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். கிளாரிந்தாவின் முயற்சியால் கட்டப்பட்ட அந்த ஆலயம் 1785-இல் திறக்கப்பட்டது. திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு விதவை. அந்தச் சபையில் ஒரு விதவை ஒதுங்கி உட்கார வேண்டிய அவசியம் என்ன?

ஏழாம் படி: மன்னா நின்றுபோகும் நாள்

கானானின் விளைச்சலைப் புசித்த மறுநாளே, வனாந்தரத்தில் வானத்திலிருந்து உணவாகப் பெய்துவந்த மன்னா பெய்யாமல் ஒழிந்தது என்று யோசுவா 5-இல் வாசிக்கிறோம். நான்கைந்து மாதங்களில் உறவினரின் உதவியும் விசாரிப்பும் குறையும். அதைக் கைவிடப்பட்டதாக எண்ண வேண்டாம். இனி நிலத்தின் விளைச்சலில் வாழும் காலம் வந்திருக்கிறது. கடன் கொடுத்தவன் பிள்ளைகளை அடிமையாக்க வந்தபோது ஓடிவந்த விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி கேட்ட கேள்வி, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்பது. அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் எழுதுங்கள்: பாதியில் நின்ற படிப்பு, தையல், சமையல், கணக்கெழுதும் பழக்கம், சும்மா கிடக்கும் மாடி அறை, எதுவானாலும். பண்டித ரமாபாய் 1882-இல் கணவரைக் காலராவுக்குப் பறிகொடுத்தபோது கையில் ஒரு பெண் குழந்தையும், பெற்றோரிடம் கற்ற சமஸ்கிருதப் புலமையும்தான் இருந்தன. ஏழே ஆண்டுகளில், 1889-இல், பம்பாயில் விதவைகளுக்கென்று சாரதா சதனைத் தொடங்கினார்.

கிடைத்த தொகையை முதலில் ஆறு மாதச் செலவுக்குத் தனியே ஒதுக்குங்கள். அடுத்தது வட்டி அதிகமுள்ள கடன். அதன் பிறகே பிள்ளைகளின் படிப்புக்கு வங்கியிலோ அஞ்சலகத்திலோ வைப்பு. மறுமணம் பற்றிய எண்ணம் வந்தால் அதற்காகக் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். 1 கொரிந்தியர் 7-இல் பவுல் அந்த விடுதலையைத் தெளிவாகவே கொடுத்திருக்கிறார். ஆனால் முதல் ஆண்டுக்குள் அந்த முடிவை எடுக்காமலிருப்பது நல்லது. வைப்புநிதி ஓய்வூதியம் மறுமணத்தோடு நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஆறு மாதம் கழித்தும் தூக்கமே வராமல், பிள்ளைகளைக் கவனிக்க இயலாமல், சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால், அது ஜெபக்குறைவு அல்ல. மருத்துவரிடம் போக வேண்டிய நிலை. 14416 என்ற மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அந்த எண்ணம் வந்த அன்றே பேசுங்கள், ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம்.

எட்டாம் படி: பன்னிரண்டு கற்கள்

யோர்தானைக் கடந்தபின் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள், பின்னால் பிள்ளைகள் இந்தக் கற்கள் என்ன என்று கேட்கும்போது சொல்வதற்காக. ஆண்டு நிறைவு நெருங்கும்போது, நீங்கள் எழுதிவந்த அந்த நோட்டை எடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள். ஆண்டு நிறைவன்று கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டமாகப் போவதா, தனியாகப் போவதா என்பதை ஒரு வாரம் முன்பே முடிவு செய்யுங்கள். அன்று காலையில் முடிவெடுக்க உங்களால் இயலாது.

பிறகு அந்த நோட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். எங்கள் தெருவில் சென்ற ஆவணி மாதம் ஒரு பெண் கணவரை இழந்தாள், வயது 31. பத்து நாள் கழித்து ஒரு தூக்குவாளியில் கஞ்சியும் துவையலும் எடுத்துக்கொண்டு போனேன். வசனம் எதுவும் சொல்லவில்லை. அவள் கஞ்சியைக் குடித்து முடித்தபின், "அக்கா, அவங்க பாஸ்புக் எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல" என்றாள். இருவரும் எழுந்து அலமாரியைத் திறந்தோம்.